ஆர்.ஓ. மெஷினுக்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீர்: எங்கள் ஊர்க் காரியக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய காரியக்கார அண்ணன்மார்களுக்கும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் நகரக் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசி, ஊருணிக் கரையில் ஓர் ஆர்.ஓ. பிளான்ட், அதாவது தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கிற ஆலை வைப்பது என்றும், மீதிப் பணத்தில் வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளுக்கெல்லாம் சின்ன ஆர்.ஓ. மெஷின் மாட்டித் தருவது என்றும் முடிவு செய்ததாகக் கேள்விப்பட்டேன். நல்ல மனசோடு எடுத்த முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டத்துக்கு வந்தே சொல்லியிருப்பேன். அன்றைக்கு முழங்கால் விடவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். மெஷின் வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். எந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊர் முழுக்க ஒரே மெஷினை மாட்டுவது, நாடி பிடிக்காமலே தெரு முழுக்க ஒரே மாத்திரையை விநியோகம் பண்ணுகிற மாதிரி.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், 31 வருஷம் பெண்பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். அதைவிட, காரைக்குடிப் பக்கத்து இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை 40 வருஷத்துக்கு மேல் குடித்தவள்.

போன தை மாதம் எங்கள் வீட்டுக்கு இரண்டு தம்பிகள் வந்தார்கள். கழுத்தில் டை, கையில் ஒரு பெட்டி. முகப்பிலேயே உட்கார்ந்து இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார்கள். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். பெட்டியிலிருந்து நாலு உலோகக் கம்பி உள்ள ஒரு சாதனத்தை எடுத்து, இரண்டு டம்ளரிலும் ஜோடி ஜோடியாக இறங்குகிற மாதிரி வைத்து, ஸ்விட்சைப் போட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் தண்ணீர் முதலில் பச்சை ஓடி, அப்புறம் பழுப்பாகி, மேலே நுரை கட்டி, வாய்க்கால் சேறு மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் தண்ணீர் பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. "இதைத்தான் இத்தனை நாளா குடிக்கிறீங்க, ஆச்சி" என்றார் பெரிய தம்பி. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவருடைய பளிங்குத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். "இப்பப் போடுங்க தம்பி" என்றேன். போட்டார். அதுவும் சேறானது.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இல்லை, கம்பியில் இருக்கிறது. ஜோடியில் ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் ஓடினால் இரும்பு கரைந்து துருவாக வரும். தண்ணீரில் கொஞ்சமாவது உப்பு கரைந்திருந்தால்தான் மின்சாரம் ஓடும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் ஓடவில்லை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பாடம். தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். டீ குடித்துவிட்டுப் போனார். ஆனால் பக்கத்து வீட்டு ஆச்சி மறுநாள் மெஷின் வாங்கிவிட்டார்.

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறார்களே, அதுவும் ஏறக்குறைய இந்தக் கதைதான். கரைந்த உப்பு மொத்தமாக எவ்வளவு என்று மட்டும் அது சொல்லும். கிருமி இருக்கிறதா, நைட்ரேட் இருக்கிறதா, ஃபுளோரைடு எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 150 மில்லிகிராம் காட்டுகிற தண்ணீரில் காலராக் கிருமி இருக்கலாம். 700 காட்டுகிற தண்ணீரை ஒருவர் ஆயுசு முழுக்கக் குடித்துவிட்டு நன்றாகவும் இருக்கலாம்.

சரி, நம் கிணறுகளில் என்னதான் இருக்கும்?

முதலில் இரும்பு. நம்முடையது செம்மண்ணும் செம்பூராங்கல்லும் உள்ள பூமி. இறைக்கும்போது கண்ணாடியாக வருகிற தண்ணீர், ராத்திரி அண்டாவில் நின்றால் காலையில் மேலே செம்பழுப்பு ஏடு படர்ந்து நிற்கும். வெள்ளை வேட்டி ஒரு மாதிரி மங்கிப்போகும், தேநீர் கறுத்துவிடும், ஆத்தங்குடித் தரைக்கல்லில் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் துருக்கறை விழும். இது நோய் தருகிற அளவுக்குப் போவது அபூர்வம், தொல்லைதான் அதிகம். இதற்கு ஆர்.ஓ. வேண்டியதில்லை. இன்னும் சொன்னால், இரும்பு அதிகமான தண்ணீரை நேராக ஆர்.ஓ.வுக்குள் விட்டால் அதன் சவ்வு சீக்கிரம் அடைத்துப்போகும். வேண்டியது காற்றும் மணலும். கரைந்திருக்கிற இரும்பு காற்றுப் பட்டால் கரையாத துருவாக மாறும், மணல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

என் மாமியார் இதைப் படிக்காமலே செய்தார். இறைத்த தண்ணீரை ஒரு தவலையிலிருந்து இன்னொரு தவலைக்கு உயரத் தூக்கி நாலைந்து தடவை ஆற்றுவார். ராத்திரி அப்படியே தெளிய விட்டு, காலையில் மேல் தண்ணீரை மட்டும் வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். கலங்கல் நாளென்றால் பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையை இழைத்துவிடுவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், டிகிரிக்காரி என்ற மிதப்பில், இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆற்றுவதும் தெளியவைப்பதும் எவ்வளவு சரியான வேதியியல் என்று புரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது. ஆனாலும் பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்தத் துணி வடிகட்டலில் ஒரு கிருமிகூடச் சாகாது.

உண்மையில் எனக்குப் பயமே கிருமியில்தான். நம் வீடுகள் தெருவிலிருந்து தெருவுக்கு ஓடுகிற நீளவாக்கு வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்கட்டில் கிணறு. அந்தக் காலத்தில் சரி. இப்போது கழிப்பறையையும் அதே பின்கட்டில் கட்டி, செப்டிக் டேங்கையும் அங்கேயே இறக்கியிருக்கிறோம். அசுத்தம் சேரும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி இருக்கவேண்டும் என்று சுகாதாரப் புத்தகங்கள் சொல்கின்றன. போன வாரம் எங்கள் பின்கட்டை டேப்பு வைத்து அளந்தேன். எங்கள் டேங்க் தூரமாகத்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டின் டேங்க் 22 அடி. அவர்களைக் குறை சொல்ல முடியாது, எங்கள் கிணறு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வீடும் பத்து வருஷமாகப் பூட்டித்தான் கிடக்கிறது, கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும்தான் திறக்கிறார்கள். திறக்கிற அந்த நாலு நாளில் இருநூறு பேர்.

குடிக்கிற தண்ணீர் 100 மில்லியில், மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கிற ஈ.கோலைக் கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500. எங்கள் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தேன். கிருமி இருக்கிறது என்று வந்தது. 40 வருஷம் குடித்த தண்ணீர்! காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு வைத்தியம் பிளீச்சிங் பவுடர். நல்ல தரமான பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம். கிணற்றில் எத்தனை லிட்டர் என்று கணக்குப் பண்ணத் தெரியவேண்டும், அவ்வளவுதான். எங்கள் கிணறு குறுக்கே 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் நிற்கிறது. 3.14-ஐ 2-ஆல் இரண்டு தடவை பெருக்கி, 3-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் 9.42 கன மீட்டர். ஏறக்குறைய 9,400 லிட்டர். அதற்கு 24 கிராம் பவுடர் போதும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, இன்னும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, வாளியை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். ராத்திரி செய்தால் காலையில் புழங்கலாம். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீர்கள், தண்ணீர் கடினமாகிவிடும். திறந்து பல நாளான பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதை நம்பவேண்டாம். டேங்கைத் தள்ளிவைக்க முடியாதவரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியதுதான். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பதையும் விடக்கூடாது.

அதே செப்டிக் டேங்கிலிருந்து வருகிற இன்னொன்று நைட்ரேட். நிறம் இல்லை, வாசம் இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கிற சக்தியை இழந்து குழந்தை நீலம் பாயும். இங்கே ஒரு விஷயத்தை எல்லா அப்பத்தாக்களும் ஆயாக்களும் கேட்டுக்கொள்ளவேண்டும்: நைட்ரேட் உள்ள தண்ணீரைக் கொதிக்கவைத்தால் குறையாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். ஃபுளோரைடும் அப்படியே. 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் வருஷக்கணக்கில் போனால் குழந்தைகளின் பல்லில் கறை, அப்புறம் எலும்பில் இறுக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. நைட்ரேட்டோ ஃபுளோரைடோ கூடுதலாக இருக்கிற வீட்டுக்கு ஆர்.ஓ. சரியான மருந்து. தாராளமாக மாட்டுங்கள், நானே கைதட்டுகிறேன்.

கடினத்தன்மையைப் பற்றி நிறையச் சொல்லப்போவதில்லை. கெய்சரில் பொருக்குக் கட்டும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆளைக் கொல்லாது.

தேவை இல்லாத வீட்டில் ஆர்.ஓ. மாட்டினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். நாலு லிட்டர் உள்ளே போனால் பல மெஷின்களில் ஒரு லிட்டர்தான் குடிக்க வரும், மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். சித்திரையில் கிணறு தரை தட்டுகிற ஊர் நம்முடையது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்யவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டிலும் ஆர்.ஓ. மாட்டி வைத்திருக்கிறார்கள். திருச்சியிலிருந்து இத்தனை தூரம் வந்த தண்ணீர், முக்கால்வாசி புழக்கடையில் ஓடுகிறது.

இனி என் மகன் கதை. இந்தக் கடிதம் எழுதவே அவன்தான் காரணம்.

அவன் பென்சில்வேனியாவில் ஊருக்கு வெளியே ஒரு வீடு வாங்கினான். அங்கேயும் கிணறுதான், ஆனால் ஆழ்குழாய்க் கிணறு. வாங்குவதற்கு முன் சோதனை என்று ஒருவர் வந்து, நிலவறையில் ஒரு கரித்தூள் டப்பாவைத் திறந்து வைத்து, கதவு சன்னலெல்லாம் சாத்தச் சொல்லி, இரண்டு நாள் கழித்து எடுத்துப்போனாராம். ரேடான் பார்க்க. ரேடான் ஒரு வாயு. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாக இருக்கிற யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. 3.8 நாளில் பாதியாகும். அது சிதைந்து வருகிற பொலோனியத் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு கதிர் வீசும். அமெரிக்காவில் சிகரெட்டுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான். வருஷத்துக்கு ஏறக்குறைய 21,000 சாவு என்று அவர்களுடைய சுற்றுச்சூழல் நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

இது வெளிச்சத்துக்கு வந்த கதையும் அந்த மாநிலத்துக் கதைதான். 1984-ல் அங்கே ஓர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த பொறியாளர், வாசலில் இருக்கிற கதிர்வீச்சுக் கருவியைத் தாண்டும்போதெல்லாம் அலாரம் அடித்தது. இத்தனைக்கும் நிலையம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. வேலை முடிந்து வெளியே வரும்போது மட்டும் இல்லை, காலையில் உள்ளே போகும்போதே அடித்தது. கடைசியில் பார்த்தால் அவர் வீடு. ஒரு லிட்டர் காற்றில் 2,700 பிகோகியூரி (கதிர்வீச்சை அளக்கிற ஓர் அலகு) அளவுக்கு ரேடான். அந்த நாட்டில் 4 பிகோகியூரி இருந்தாலே சரிசெய்யச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெக்கரல் என்ற இன்னோர் அலகில் சொல்கிற கன மீட்டருக்கு 100 என்ற அளவு அதையும்விடக் கறார். 4 பிகோகியூரி என்பது கன மீட்டருக்கு 148 பெக்கரல்.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஏற்பாட்டைப் பார்த்தேன். நிலவறைத் தரையைத் துளைத்து ஒரு பி.வி.சி. குழாய், அது சுவரோரமாக மேலேறிக் கூரைக்கு மேல் போகிறது, நடுவில் ஒரு மின்விசிறி. தரைக்கு அடியில் சேருகிற வாயு வீட்டுக்குள் கசிவதற்கு முன்னால் உறிஞ்சி வெளியே விடுகிறது. குழாயில் ஒரு சின்ன வளைந்த கண்ணாடிக் குழல், உள்ளே சிவப்புத் திரவம், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளக்கிற மானோமீட்டர்! இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் விசிறி நின்றுவிட்டது என்று அர்த்தம். எனக்கு அதைவிட்டு வர மனசே இல்லை. மருமகள் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

கிணற்றுத் தண்ணீருக்குத் தனி ஏற்பாடு. தண்ணீரில் கரைந்து வருகிற ரேடான் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் காற்றில் கலக்கும். அதற்கு ஒரு மூடிய தொட்டியில் தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விட்டு, வெளியேறும் வாயுவைக் கூரைக்கு மேலே அனுப்புகிறார்கள். நன்றாக வேலை செய்தால் 99 சதவீதம் வரை போய்விடும். கரி வடிகட்டியும் பிடிக்கும், ஆனால் பிடித்துப் பிடித்து அந்தக் கரியே கதிர் வீச ஆரம்பிக்கும். அந்தத் தொட்டி களகளவென்று கொதிக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மாமியாரின் தவலைதான் ஞாபகம் வந்தது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துத் தண்ணீரை ஆற்றுகிறார்கள்.

"ஆத்தா, நம்ம ஊரு போர் தண்ணிய யாராச்சும் பாத்திருக்காங்களா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். கிரானைட் பாறையில் யுரேனியம் சாதாரணமாகவே மணற்கல்லைவிட அதிகம். பிள்ளையார்பட்டிக் குடைவரையும் குன்றக்குடி மலையும் திருமயம் கோட்டையும் எந்தப் பாறையில் நிற்கின்றன என்று சொல்லவேண்டியதில்லை. பாறை வெடிப்பிலிருந்து வருகிற ஆழ்குழாய்த் தண்ணீரில்தான் ரேடான் தங்கும். திறந்து கிடக்கிற ஊருணியில் அது நிற்காது, காற்றோடு போய்விடும். போர் தண்ணீரும் மேல்நிலைத் தொட்டியில் விழுந்து கிடந்து வரும்போது கொஞ்சம் இழக்கும். தவிர, தண்ணீரில் லிட்டருக்கு 10,000 பிகோகியூரி இருந்தால்தான் வீட்டுக் காற்றில் 1 பிகோகியூரி அளவுக்குச் சேரும் என்பது அமெரிக்கக் கணக்கு. பெரும்பங்கு தரைக்கு அடியிலிருந்து வருவதுதான்.

நம் வீடுகளுக்கோ நடுவில் முற்றம். வானம் பார்த்த வீட்டில் எந்த வாயு தங்கும்? அந்தக் காலத்து வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இப்போதோ குரங்குக்குப் பயந்தும் திருடனுக்குப் பயந்தும் முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுகிறோம். ஓட்டலாக மாறிய பெரிய வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் ஏ.சி., சன்னல் இடுக்கெல்லாம் அடைப்பு. தரைத்தள அறையை இப்படி மூடிவைத்தால் அதன் கணக்கே வேறு. ஆகவே பயப்படச் சொல்லவில்லை. என் பட்டியலில் கிருமி முதலில், நைட்ரேட்டும் ஃபுளோரைடும் அடுத்து, ரேடான் கடைசியில். ஆனால் ரேடானுக்கு ஆர்.ஓ. மெஷின் உதவாது. கொதிக்கவைத்தால் தண்ணீரை விட்டுப் போகும், போய் அடுப்படிக் காற்றில் நிற்கும். இதுவும் சோதித்தால்தான் தெரியும்.

அதனால் காரியக்கார அண்ணன்மார்களே, மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, குடிக்கப் புழங்குகிற ஒவ்வொரு கிணற்றையும் போரையும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தையில் ஒரு தடவை வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவைக் கோயில் மண்டபத்துச் சுவரில் எழுதிப் போடுங்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், கிணற்றுக்கு ஓர் எண் போதும். பாறைப் பக்கத்து ஆழ்குழாய்கள் நாலைந்துக்கும், ஓட்டல் அறைகள் சிலதுக்கும் ரேடான் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953-ல் திறந்தது. பல்கலைக்கழகமும் இருக்கிறது. யாரிடம் போகவேண்டும் என்றாவது சொல்வார்கள். மெஷின் எந்த வீட்டுக்கு, பவுடர் எந்த வீட்டுக்கு, மணல் தொட்டி எந்த வீட்டுக்கு என்பதை அதற்கப்புறம் உட்கார்ந்து பேசுவோம். பிளான்ட்டே வேண்டும் என்று வந்தால், கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்வோம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, உங்கள் வீட்டுக்கு நிலவறை முதல் கூரை வரை சோதனை பண்ணிவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?

அன்புடன்,
மேலத்தெரு வேதியியல் வாத்தியாரம்மா

பி.கு.: கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே சுத்திகரித்த பாட்டில் தரும், அதைக் கழுவாதீர்கள், மூடியின் உட்புறம் விரல் படக்கூடாது. எடுத்ததை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடவேண்டும். ரேடானுக்கு எடுக்கும்போது பாட்டிலை வாளித் தண்ணீருக்குள் முக்கி, நீருக்கு அடியிலேயே மூடவேண்டும். உள்ளே ஒரு குமிழி இருந்தாலும் திரும்ப எடுங்கள். கை நடுங்குகிறவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், முழங்கால் சரியாகிவிட்டது.